வாசனைக்கு ஐந்துக்கு ஐந்து

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றேகால் மணிக்கு, இருபத்தேழு பேர் முன்னிலையில், வெற்றிவேல் வெட்டுக்கிளி சாப்பிடச் சம்மதித்தான்.

யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இதில் வருத்தமான விஷயம்.

குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டம் அது. மழைநீர்க் கால்வாயைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசி, ஆளுக்கு இரண்டு போண்டாவும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அப்போது ஸ்ம்ருதி என்ற பெண் எழுந்து ஐந்து நிமிஷம் கேட்டாள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருஷம் படிக்கிறாள். பூச்சிகளைப் புரதத்துக்காகச் சாப்பிடலாமா என்பதில் பொதுமக்களின் சொந்தக் கருத்து என்ன என்பதுதான் அவளுடைய புராஜெக்ட். ஆளுக்கு ஒரு ஃபாரம் கொடுத்தாள்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாணிக்கவேல் ஃபாரத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். மழைக்காலத்தில் ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள்தானே நாம், அதற்கெல்லாம் யார் ஃபாரம் நீட்டினார்கள் என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் "சாப்பிட மாட்டேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டார்கள். ஈசல் தின்ற மாணிக்கவேலும் அதிலேயே போட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. வெற்றிவேலால் அதைத் தாங்க முடியவில்லை. அவன் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன்தான். படிப்பு சம்பந்தமாக யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது அவன் கொள்கை. போதாக்குறைக்குச் சங்கத்தின் இணைச் செயலாளர் வேறு. எழுந்து நின்றான்.

மனிதன் சாப்பிடுவதெல்லாம் வெறும் பழக்கம் என்றான். அருவருப்பு என்பது நாக்கில் இல்லை, மண்டையில் இருக்கிறது என்றான். படித்தவர்களே இப்படி முகத்தைச் சுளித்தால் நாடு எப்படி முன்னேறும் என்று கேட்டான். கைதட்டினார்கள். கை தட்டியவர்களில் ஒருவரும் தங்கள் டிக்கை மாற்றவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. "குடும்பத்துடன் ஏழு நாட்கள் சுவைத்துப் பார்த்து மதிப்பெண் தரத் தயார்" என்ற கட்டத்தில் பட்டையாக ஒரு டிக் போட்டு, நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கட்டத்தில் யாரோ ஒருவர் டிக் போடக்கூடும் என்று ஸ்ம்ருதி பதினாலு பொட்டலங்களைப் பையிலேயே வைத்திருந்தாள். ஆளுக்கு ஏழு. வறுத்து அரைத்த வெட்டுக்கிளிப் பொடி. அவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று, பழக்கப்பட்ட சமையல் எதில் வேண்டுமானாலும் கலந்து சாப்பிடலாம் என்றாள். சாப்பிட்டதும் நிறம், வாசனை, சுவை மூன்றுக்கும் ஐந்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். கீழே "தங்கள் கருத்து" என்று நான்கு வரிக்கு இடம் விட்டிருந்தாள்.

வெற்றிவேல் பையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தான். தெருமுனை திரும்பும்போதுதான், பையில் இருப்பது வெட்டுக்கிளி என்பது அவனுக்கு உறைத்தது.

வீட்டில் மஹாலட்சுமி சங்கரா மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் அந்த வீட்டின் உணவுச் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மஹாலட்சுமி கோவளத்துப் பெண். அப்பாவுக்குக் கடல், அம்மாவுக்கு மீன் கூடை. கல்லூரியில் பார்த்து, விரும்பி, இரண்டு வீட்டையும் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் எல்லாம் ஒத்துக்கொண்ட வெற்றிவேல், குடித்தனம் வந்த மறுநாள் ஒரே ஒரு சட்டம் போட்டான். மீன் சரி. இறால் சரி. நண்டு கூடச் சரி. கருவாடு மட்டும் வீட்டுக்குள் வரக் கூடாது. வாடை தெருவுக்குப் போகும், நாலு படித்தவர்கள் இருக்கிற இடம், என்ன நினைப்பார்கள்?

நாலு பேர் என்ன நினைத்தார்கள் என்பதை அவன் கடைசிவரை விசாரிக்கவில்லை. ஆனால் ஆறு வருஷமாகச் சட்டம் அமலில் இருந்தது. மஹாலட்சுமி தாய் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பையை வாசலிலேயே திறந்து காட்ட வேண்டும். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்குக்கூட அவ்வளவு சோதனை கிடையாது. கருவாடு இல்லாமல் அவளுக்கு மழைக்காலம் மழைக்காலமாகவே இல்லை. ஆறு வருஷத்தில் அறுபது தடவை கேட்டிருப்பாள். அறுபது தடவையும் அவன் சுகாதாரம் பற்றிப் பேசினான். கருவாட்டை அவன் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவன் அன்று பதினாலு பொட்டலத்தையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினான். ஒன்றைப் பிரித்தான். மோந்து பார்த்தான். மூடினான். பிறகு மனைவியை அழைத்து, சங்கத்தில் ஆற்றிய உரையை முதலிலிருந்து ஆற்றினான். அதோடு நிற்காமல், ஸ்ம்ருதியிடம் அன்று கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்றையும் பல நாள் தெரிந்ததுபோலச் சொன்னான்.

"ஃபாரத்துல முதல் கேள்வியே இறால் ஒத்துக்குமான்னுதான். ஏன்னு நினைக்கிற? இறாலும் வெட்டுக்கிளியும் ஒரே வம்சம் மஹா. ரெண்டுக்கும் மேல ஓடு. ஒண்ணு தண்ணியில, ஒண்ணு தரையில, அவ்வளவுதான்."

"அப்படியா" என்றாள் மஹாலட்சுமி.

அந்த "அப்படியா"வை வெற்றிவேல் கொஞ்சம் கவனித்திருக்கலாம். அவன் அப்போது தன் திட்டத்துக்கு வந்துகொண்டிருந்தான். திட்டம் எளிமையானது. அவள் கடற்கரையில் வளர்ந்தவள், வயிறு எதையும் தாங்கும். இரண்டு பேர் பங்கையும் அவளே சாப்பிட்டு, எப்படி இருந்தது என்று சொன்னால் போதும். மதிப்பெண் போடுகிற கஷ்டத்தை அவன் ஏற்றுக்கொள்வான்.

"டிக் போட்டது யாரு?"

"நான்தான். ஆனா குடும்பத்தோடன்னு..."

"குடும்பத்தோடன்னு போட்டீங்க இல்ல, என் பங்கை நான் சாப்பிடறேன். உங்க பங்கை நீங்க சாப்பிடுங்க. ஒரு பொண்ணு படிப்புக்குன்னு கேட்டிருக்கு. பொய் மார்க் போட்டுக் குடுப்பீங்களா?"

அவனுக்கு முகம் கறுத்தது. மறுநாள் காலையில் அவளே இறங்கி வந்தாள். பொடியாகப் பார்த்தால் யாருக்கும் இறங்காது, சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டுத் தொக்காக வதக்கி வைக்கிறேன், நீங்கள் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மார்க் மட்டும் போடுங்கள் என்றாள். ஒரே நிபந்தனை, சமைக்கும்போது அடுப்படிக்குள் வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. எதிலிருந்து எது ஆகிறது என்று பார்த்துவிட்டால் சாப்பிட முடியாதாம்.

கரும்பு தின்னக் கூலியா என்று அவன் உடனே ஒப்புக்கொண்டான். சமையலறைக்குள் போகாமல் இருப்பது அவனுக்கு ஆறு வருஷப் பழக்கம்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் தட்டில் தொக்கு இருந்தது. கருஞ்சிவப்பாக, எண்ணெய் மினுக்க. வெற்றிவேல் கண்ணை மூடிக்கொண்டான். குலதெய்வத்தை நினைத்தான். சிறு கவளமாக உருட்டி, நாக்கில் படாமல் நேரே தொண்டைக்குள் போட முயன்றான். நாக்கு அங்கேயேதான் இருந்தது. பட்டுவிட்டது.

கண்ணைத் திறந்தான்.

இன்னொரு கவளம் எடுத்தான். அது முதல் கவளத்தைவிடப் பெரிதாக இருந்தது. மூன்றாவதுக்கு அப்பளம் கேட்டான்.

அன்று அவன் போட்ட மதிப்பெண்: நிறம் இரண்டு, வாசனை மூன்று, சுவை நான்கு. செவ்வாய்க்கிழமை வாசனை நான்கானது. புதன்கிழமை பாத்திரத்தில் ஒட்டியிருந்ததில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, வாசனைக்கு ஐந்துக்கு ஐந்து போட்டான். கை கழுவியும் விரலில் மணம் இருந்தது. விரலை மோந்துகொண்டே, கருத்துக்கு விட்டிருந்த இடத்தில் எழுதினான்: "இந்த வாசனையை நாற்றம் என்று சொல்பவர்கள் மூக்கைக் கழுவ வேண்டியதில்லை, மனத்தைக் கழுவ வேண்டும். இது எங்கள் வீட்டு அடுப்பில் இத்தனை காலம் வேகாமல் போனதே என்று வருந்துகிறேன்." கீழே கையெழுத்து, தேதி.

எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினான். அவள் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வண்டியை நிறுத்தும்போது, கேட்டைத் திறந்துகொண்டு முத்தாலம்மாள் வெளியே வந்தாள். கோவளத்திலிருந்து கூடை தூக்கி வருகிற அம்மாள். மஹாலட்சுமியை இடுப்பில் வைத்து வளர்த்தவள், அதனால் வெற்றிவேலை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். வழக்கமாகக் காலையில் மீனோடு வருவாள்.

"இன்னா மாப்ளே, நல்லா கீறியா? சென்னாக்குன்னின்னா இப்ப உசுரை வுடுறியாமே. பாப்பா சொல்லிச்சு. நாலு நாளா வாங்கிகினே கீது. இன்னும் ரெண்டு படி வூட்ல வெச்சிட்டு வரேன், நல்லா துண்ணு."

சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடினாள்.

சென்னாக்குன்னி என்றால் என்ன என்று தெரியாத அளவுக்கு வெற்றிவேல் அப்பாவி இல்லை. நகக்கண் அளவு இருக்கிற பொடி இறால்களை மணலில் காயவைத்தால் கிடைப்பது. வறுத்துப் பொடித்தால் எந்தப் பொடிபோலவும் இருக்கும். ஒரே வார்த்தையில் சொன்னால், கருவாடு.

அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாளாகத் தன் வீட்டுக்குள், தன் தட்டில், தன் விரலில் கருவாடு. அதற்கு வாசனையில் ஐந்துக்கு ஐந்து.

உள்ளே போய்க் கத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தான். செருப்பைக் கழற்றும்போது யோசனை வந்தது. கத்தினால் என்ன ஆகும்? அவள் மன்னிப்புக் கேட்பாள். மறுபடி ஏமாற்றமாட்டேன் என்பாள். பிறகு அலமாரியிலிருந்து நிஜமான பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டுவாள். இரண்டாவது செருப்பைக் கழற்றுவதற்குள் வெற்றிவேல் முழுத் திட்டமும் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வரை தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. கருவாட்டைச் சாப்பிட வேண்டும், வெட்டுக்கிளி தின்ற பெயரை வாங்க வேண்டும். தாள் கல்லூரிக்குப் போன பிறகு, சட்டம் பழையபடி அமலுக்கு வரும். ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு மனைவி ஏமாந்துகொண்டிருக்கிறாள். ஆறு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் அவனுக்குக் கிடைத்ததில்லை.

அன்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டான். நிறத்துக்கும் ஐந்து.

வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் அது வெற்றியாகவே தெரியாது. மறுநாள் குரோம்பேட்டையில் அவன் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில், பக்கத்து மேஜை கேசவனிடம் சொன்னான். கேசவன் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்.

"நீ ஜெயிச்சிட்டேன்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவங்க கிட்ட கேட்காம முடிவு பண்ணாதே."

வெற்றிவேல் இதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டான். சனிக்கிழமை காலை நடைப்பயிற்சியில் மாணிக்கவேல் பிடித்துக்கொண்டார். வெட்டுக்கிளி எப்படி இருக்கிறது, இறால் மாதிரியா என்று கேட்டார். அதைவிட ஒரு படி மேல் என்றான் வெற்றிவேல். பெரியவர் மரியாதையோடு ஓரடி விலகி நடந்தார். வெள்ளிக்கிழமையைப் போலவே அன்றும், ஞாயிற்றுக்கிழமை மதியமும் ஐந்து, ஐந்து, ஐந்து.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஸ்ம்ருதி வந்தாள். மஹாலட்சுமி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, முதலில் தன் தாளை நீட்டினாள். வெற்றிவேல் அதுவரை அந்தத் தாளைப் பார்த்ததில்லை. அவள் தனக்கும் கருவாடுதான் செய்துகொள்கிறாள் என்று நினைத்திருந்தான். ஸ்ம்ருதி சத்தமாகப் படித்தாள்.

"முதல் நாள் பொடியை அப்படியே சோற்றில் போட்டேன். மண் வாசனை அடித்தது. இரண்டாம் நாள் ரசத்தில் போட்டேன், ரசம் வீணானது. நான்காம் நாள் அடை மாவில் கலந்தேன், இருப்பதே தெரியவில்லை. வயிற்றை ஒன்றும் செய்யவில்லை. கிடைத்தால் சாப்பிடலாம், கிடைக்காவிட்டால் தேட மாட்டேன். அருவருப்பு வரவில்லை. கடலில் வருவதைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான், எதற்கு எத்தனை கால் என்று எண்ணிப் பழக்கமில்லை. சராசரி இரண்டரை."

வெற்றிவேல் மனைவியைப் பார்த்தான். இந்தத் தெருவில் வெட்டுக்கிளி சாப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். அதற்காக அவள் ஒரு வார்த்தைகூட உரை ஆற்றவில்லை.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அக்கா" என்ற ஸ்ம்ருதி அவன் தாளை எடுத்தாள். "சார், உங்களுக்குத்தான் பெரிய தேங்க்ஸ். திங்கட்கிழமை காலையில அக்கா போன் பண்ணாங்க. பழக்கப்பட்ட ஒரு சாப்பாட்டை அதே மசாலாவுல குடுத்து, சாப்பிடறவருக்குச் சொல்லாம மார்க் வாங்கினா, ஒப்பிட்டுப் பார்க்க உதவுமான்னு கேட்டாங்க. எங்க மேடம் துள்ளிக் குதிச்சிட்டாங்க. உங்களுக்குக் குடுத்தது சென்னாக்குன்னி சார். எதுன்னு சொல்லாமலும் குடுக்கலாம்னு நாலாவது பக்கத்துல முதல்லயே இருக்கு, நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. படித்ததுதான் நினைவில்லை.

"ஒரே ஒரு கேள்வி சார். நடுவுல உங்களுக்கு எப்பவாவது தெரிஞ்சுதா? தெரிஞ்சிருந்தா அந்த நாள் மார்க்கை நான் எடுத்துக்க முடியாது. மறைச்சா என் புராஜெக்ட்டே தப்பாயிடும்."

வெற்றிவேல் மனதுக்குள் கணக்குப் போட்டான். தெரியாது என்றால், ஏழு நாளும் மனதாரக் கருவாட்டைப் புகழ்ந்தவன் ஆவான். தெரியும் என்றால், தெரிந்தே பொய் மார்க் போட்டவன் ஆவான். மஹாலட்சுமி டீ டம்ளரை எடுக்கிற சாக்கில் குனிந்து நின்றாள். அந்தப் பெண் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். மற்ற எதில் எப்படியோ, படிக்கிற பெண்ணின் தாளில் பொய்யை ஏற்றுவதற்கு அவனால் முடியவில்லை.

"தெரியும்மா" என்றான். "வியாழக்கிழமை தெரிஞ்சுது."

ஸ்ம்ருதி கடைசி நான்கு வரிசையை ஸ்கேல் வைத்து அடித்தாள். ஐந்து ஐந்தாக நின்ற பன்னிரண்டு எண்களும் போயின. வெற்றிவேலுக்கு உயிர் வந்தது. உண்மையைச் சொன்னதில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கருவாட்டுக்குக் கொடுத்த மார்க்கெல்லாம் செல்லாது.

"முதல் மூணு நாள் இருக்கில்ல?" என்று கேட்டாள் மஹாலட்சுமி.

"அது அப்படியே செல்லும் அக்கா. அவருக்குத் தெரியாம போட்டது. அதுதான் சுத்தமான மார்க். புதன்கிழமை எழுதின கருத்தும் செல்லும்."

"அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கவா?"

"தாராளமா."

"எனக்கு மூணு நாள் போதும்னு புதன்கிழமையே தோணிச்சுங்க" என்றாள் மஹாலட்சுமி, இப்போது கணவனைப் பார்த்து. குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "அதான் முத்தாலம்மாவைச் சாயங்காலமா வரச் சொன்னேன். தெரிஞ்சா எங்கிட்ட வந்து சொல்றீங்களான்னு பார்த்தேன்."

வெற்றிவேல் தரையைப் பார்த்தான். தரை சுத்தமாக இருந்தது.

கிளம்பும்போது ஸ்ம்ருதிக்கு ஒரு சங்கடம் வந்தது. ஏழு நாள் கணக்கில் நான்கு நாள் குறைகிறது. சாருக்கு இனி எது என்ன என்று தெரிந்துவிட்டதால் கருவாடு கொடுத்துப் பயனில்லை. அவர் பங்குப் பொடி ஏழு பொட்டலமும் செலவாகாமல் அப்படியே இருக்கிறதல்லவா என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கும்மா" என்றாள் மஹாலட்சுமி. "சார் தயார்னு ஏற்கனவே டிக் போட்டிருக்காரே."

மறுநாள் சமையலறை ஜன்னல் அகலத் திறந்திருந்தது. வாணலியில் சென்னாக்குன்னி வறுபட்டது. அடுப்புக்கு மேலே, வெற்றிவேலின் கையெழுத்தோடு அந்த ஜெராக்ஸ் ஒட்டியிருந்தது. வாசனை தெருமுனைவரை போனது. நாலு படித்தவர்களில் ஒருவரான மாணிக்கவேல் மதில் பக்கம் நின்று, என்னம்மா விசேஷம் என்று ஆசையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

வெற்றிவேல் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வெட்கத்தை விட்டுத் தட்டை நீட்டினான்.

மஹாலட்சுமி தொக்கைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அவனுக்கு ஒரு பொட்டலத்தைப் பிரித்துவைத்தாள்.

"உங்களுக்கு வியாழக்கிழமை வரைக்கும் வெட்டுக்கிளிதான்."